ஷட்டரைக் கொஞ்சம் கவனிங்க மக்களே!

தலைப்பைப் பார்த்ததும் "போன வாரம் ஜி.எஸ்.டி. பத்தி எழுதினான், அதுக்கு முன்னாடி கிரிக்கெட், இப்ப ஷட்டரா? இவனுக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையா?"ன்னு நீங்க கேக்கறது இங்க வரைக்கும் கேக்குது. :-) பி.காம். கடைசி வருஷம் படிக்கறவன் ஷட்டர் மெக்கானிக் மாதிரி பேசினா சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா எங்க வீட்டு ஷட்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப் பாடத்தை மூணு வருஷக் காலேஜ் சொல்லித் தரலை. அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

இங்கிலீஷ் படங்கள்ல பார்த்திருப்பீங்க. வீட்டை ஒட்டி கார் நிறுத்த ஒரு கராஜ் இருக்கும். ரிமோட்டை அழுத்தினா கதவு தானா மேல போகும். நம்ம வடசென்னையில அந்தக் கதை கிடையாது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்னு எந்தச் சந்துக்குள்ள போனாலும் அரை கிரவுண்டுக்கும் கம்மியான இடத்துல ரெண்டு மாடி வீடு. கீழே ஒரு ஷட்டர். அதுக்குள்ள டூவீலரோ, ஆட்டோவோ, மீன்பாடி வண்டியோ இருக்கும். இல்லேன்னா டிபன் கடை, ஜெராக்ஸ் கடைன்னு வாடகைக்கு விட்டிருப்பாங்க. அதாவது நமக்கு ஷட்டர்ங்கறது கார் வெச்சிருக்கறவங்க சமாச்சாரம் இல்லை. சோறு போடற சமாச்சாரம்.

எங்க வீடு திருவொற்றியூர்ல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கு. அப்பாவுக்கு ஒரு லோடு ஆட்டோ. விடியற்காலை 3 மணிக்குக் காசிமேடு போய் மீன் ஏத்திக்கிட்டு மார்க்கெட் மார்க்கெட்டா இறக்கணும். ராத்திரி ஆட்டோ தூங்கறது கீழே ஷட்டருக்குள்ள. 2012-ல வீடு கட்டினப்போ போட்ட ஷட்டர் அது. 8 அடிக்கு 8 அடி.

2024 பிப்ரவரியில ஒரு நாள் 3 மணிக்கு அப்பா ஷட்டரைத் தூக்கினார். ஒரு அடி மேல வந்து 'டங்'குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், ஒரு பக்கம் கோணிக்கிட்டு நின்னுடுச்சு. அப்பா, நான், பக்கத்து வீட்டு அண்ணன், மூணு பேரும் சேர்ந்து தூக்கியும் அசையலை. உள்ளே ஆட்டோ, வெளியே நாங்க. காசிமேட்டிலிருந்து போன் மேல போன். 4 மணிக்கு வியாபாரி வேற வண்டி பார்த்துட்டார். அன்னிக்கு 1,400 ரூபாய் சம்பாத்தியம் போச்சு. அந்த வியாபாரி திரும்ப எங்க வண்டியைக் கூப்பிட ரெண்டு வாரம் ஆச்சு.

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. 12 வருஷத்துல அந்த ஷட்டருக்கு நாங்க ஒரு ரூபாய் செலவு பண்ணினதில்லை! ஆட்டோவுக்கு ஆயில் மாத்துவோம், பிரேக் பார்ப்போம், ஆயுத பூஜைக்கு மாலை போடுவோம். அந்த ஆட்டோவைக் காப்பாத்தற ஷட்டரைச் சுவரோட சுவரா நினைச்சுட்டோம். அது சுவர் இல்லை மக்களே, ஒரு மெஷின்.

எப்படி மெஷின்னு கேக்கறீங்களா? 1 சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமன்ல இருந்தா 7.85 கிலோ எடை. 18 கேஜ் ஷட்டர் தகடு சுமார் 1.2 மி.மீ. 64 சதுர அடின்னா கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். பட்டை ஒண்ணோட ஒண்ணு கோத்துக்க மடிச்சிருக்கற பகுதி, கீழ இருக்கற பாட்டம் பிளேட் எல்லாம் சேர்த்தா 70, 80 கிலோ வந்துடும். இவ்வளவு எடையை அம்மா ஒரு கையால தூக்கறாங்கன்னா அது அம்மாவோட பலம் இல்லை (அம்மா மன்னிக்கவும்). மேல பைப்ல மாட்டியிருக்கற ஸ்பிரிங்கோட பலம். ஷட்டரை இழுத்து மூடும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். திறக்கும்போது அந்த முறுக்கு பிரிஞ்சு ஷட்டரைத் தூக்கிவிடும். ரெண்டு ஸ்பிரிங்ல ஒண்ணு உடைஞ்சா ஒரு பக்கத்துக்கு மட்டும் பலம். ஷட்டர் கோணிக்கிட்டு ரெண்டு பக்கமும் இருக்கற சேனல்ல மாட்டிக்கும். எங்க வீட்டுல நடந்தது அதுதான்.

சரி, ஸ்பிரிங் ஏன் உடையுது? வயசு ஒரு காரணம். எங்க ஏரியாவுல அதைவிடப் பெரிய காரணம் உப்புக்காத்து. அலை உடையும்போது கிளம்பற உப்புத் துளி காத்தோட வந்து இரும்பு மேல உக்காரும். உப்புக்கு ஈரத்தை இழுத்து வெச்சுக்கற குணம் உண்டு. அதுல இருக்கற குளோரைடு, இரும்பு மேல இருக்கற பாதுகாப்புப் படலத்தையும் அரிச்சுடும். அதனால ஷட்டர் பார்க்கக் காஞ்ச மாதிரி இருந்தாலும் துரு உள்ளுக்குள்ள வேலை பார்த்துக்கிட்டே இருக்கும். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இந்தத் தொல்லை குறையும். அம்பத்தூர்ல இருக்கற என் ஃபிரண்டு வீட்டு ஷட்டர் எங்களோடதைவிடப் பழசு. இன்னும் பளபளன்னு இருக்கு. பொறாமையா இருக்கு!

இது சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்னு ஒண்ணு இருக்கு. சுருக்கமா சிக்ரி. அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து 1948-ல அடிக்கல் நாட்டி, 1953-ல திறந்தது. அங்க துரு அரிப்புதான் ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை. மண்டபத்துல கடல் காத்துல உலோகங்களைக் காயப்போட்டு எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்க ஒரு நிலையமே வெச்சிருக்காங்க. விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா மெனக்கெடற விஷயத்தை நாம ஒரு துணி எடுத்துத் துடைக்கக்கூட யோசிக்கறோம்.

உப்புக்காத்தோட இன்னொரு வில்லனும் உண்டு. மேல மேல தார் போட்டுப் போட்டு தெரு உசந்துடுச்சு, வீட்டு வாசல் பள்ளமாயிடுச்சு. பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தமிழக அரசு அறிவுறுத்துச்சு. நல்லது. ஆனா அதுக்கு முன்னாடியே பள்ளமான வீடுகள் பள்ளமாவேதான் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க ஷட்டரோட அடிப்பகுதி நாள்கணக்குல தண்ணியில நின்னுச்சு. தண்ணி வடிஞ்சதும் வீட்டைக் கழுவினோம், ஆட்டோவைக் கழுவினோம். ஷட்டரை யாரும் கழுவலை. ரெண்டே மாசத்துல கீழ் ஆறு பட்டையும் பொரபொரன்னு ஆயிடுச்சு.

இப்ப நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம், அதாவது கணக்கு. :-)

புது ஷட்டருக்கு எங்களுக்குச் சொன்ன விலை சதுர அடிக்கு 280 ரூபாய். 64 சதுர அடிக்கு 17,920. பழசைக் கழட்டி புதுசை மாட்ட, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 2,500. மொத்தம் 20,420. பழசையே சரி பண்ண: ஸ்பிரிங் ரெண்டு 1,800, பாட்டம் பிளேட் 1,700, பட்டை ஆறு 1,800, கூலி 1,200. மொத்தம் 6,500.

திடீர்னு 20,000-க்கு எங்க போறது? எங்க ஏரியாவுல இதுக்கு ஒரே பதில் தண்டல். 24,000 தண்டல் எடுத்தா 15 சதவீதம் முதல்லயே பிடிச்சுக்கிட்டு 20,400 கையில குடுப்பாங்க. தினம் 240 வீதம் 100 நாள் கட்டணும். இப்ப இன்னொரு கணக்கைப் பாருங்க. 2012-லேர்ந்து மாசம் 142 ரூபாய் தனியா எடுத்து வெச்சிருந்தா 12 வருஷத்துல 20,448 ரூபாய். புது ஷட்டர் காசு அப்படியே ரெடி! மாசம் 142-ஆ, தினம் 240-ஆ? கிளாஸ்ல தேய்மானம், தேய்மானம்னு சார் கத்தும்போது நான் கடைசி பெஞ்சுல தூங்கியிருக்கேன். பொருள் தினம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு இருக்கு, அதை நீ நோட்டுல எழுதினாலும் எழுதாட்டியும் அது சாகத்தான் செய்யும்ங்கறதுதான் தேய்மானம். இது ஷட்டர் உடைஞ்ச அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

அப்பா ரிப்பேர்தான்னு முடிவு பண்ணினார். அது சரியான முடிவுதான்னு இப்பவும் சொல்வேன். மேல் பட்டைகளும் சேனலும் நல்லாத்தான் இருந்துச்சு. எது கெட்டதோ அதை மட்டும் மாத்தினா போதும். "மொத்தமா மாத்திடுங்க"ன்னு சொல்ற எல்லாரும் உங்க நல்லதுக்குச் சொல்றதில்லை. பட்டையெல்லாம் ஓட்டையாகி, சேனலும் துரு தின்னு சுவரை விட்டு விலகியிருந்தா மட்டும் புதுசு போடுங்க.

தப்பு அதுக்கப்புறம்தான் நடந்துச்சு. இந்தக் கட்டுரையை நான் எழுதறதுக்குக் காரணமே அதுதான்.

மெக்கானிக் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், சைக்கிள்ல வந்தார். கூலி 1,200-ன்னார். அப்பா, "இன்னாப்பா, ரெண்டு மணி நேர வேலைக்கு 1,200-ஆ? 800 வாங்கிக்கோ"ன்னார். அவர், "ரெண்டு ஆள் வேலைண்ணே, ஹெல்பருக்கு 400 குடுக்கணும்"னார். அப்பா விடலை. நானும் பக்கத்துல நின்னு, "அண்ணா, நான் பிடிக்கறேன் அண்ணா, ஹெல்பர் எதுக்கு?"ன்னு கேட்டேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு. கடைசியில 800-க்கு ஒத்துக்கிட்டார்.

ஸ்பிரிங்கைக் கழட்டறதுக்கு முன்னாடி, பைப்புல ஏத்தி வெச்சிருக்கற முறுக்கை ரெஞ்ச் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். ஒருத்தர் ரெஞ்சை அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் ஆணியை எடுத்து மாத்திப் போடணும். நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டுக் கீழே நிக்கறேன். நல்லா இருந்த பக்கத்து ஸ்பிரிங் திடீர்னு முறுக்கை விட்டுச்சு. ரெஞ்ச் சுத்தி வந்து அவர் மணிக்கட்டுல அடிச்சுது. எலும்பு உடையற சத்தம் நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, ஆறு வாரம் வேலை இல்லை. தனியாளா தொழில் பண்றவருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. 1982-ல வந்த தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலவாரியங்கள் இருக்கு. ஆனா பதிவு பண்ணியிருக்கணும். அவர் பண்ணலை. அப்பா 3,000 ரூபாய் குடுத்தார். ரெண்டு தடவை வஞ்சிரம் வாங்கிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தார். என்ன பேசினாங்கன்னு தெரியாது, வந்து எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை. நாங்க மிச்சம் பிடிச்சது 400 ரூபாய்.

கார், பங்களா வெச்சிருக்கறவங்க பேரம் பேசினா நாம திட்டுவோம். ஆனா நம்மள மாதிரி தினக்கூலிக் குடும்பமே இன்னொரு தினக்கூலிகிட்ட இழுத்துப் பேசறோம். லோடு இறக்கிட்டு வாடகையில 50 ரூபாய் குறைச்சுக் குடுத்தா அப்பாவுக்கு வர்ற கோவம் எனக்குத் தெரியும். அதே அப்பாதான் அன்னிக்கு பேரம் பேசினார். அவரைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, கூட நின்னு ஜால்ரா போட்டது நான்தான். ஸ்பிரிங் வாங்கும்போது விலையைக் கேட்டு நாலு கடை ஏறுங்க, தப்பே இல்லை. ஆனா ரெண்டாவது ஆளோட கூலியைக் குறைக்காதீங்க. அது கூலி இல்லை, அந்த மனுஷனோட கை.

நீங்களே யூடியூப் பார்த்து ஸ்பிரிங் மாத்தறேன்னும் கிளம்பிடாதீங்க. ஆனா நீங்களே பண்ணக்கூடிய வேலைகள் இருக்கு. கைச்செலவு வருஷத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாது.

1. மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில ஷட்டரைக் கழுவுங்க, முக்கியமா கீழ் ரெண்டு அடியும் சேனலும். காசிமேட்டுல கடலுக்குப் போய் வந்த சாமானை நல்ல தண்ணி ஊத்திக் கழுவி வைக்கறாங்க இல்லையா, அதே லாஜிக்தான். கழுவினா மட்டும் போதாது, துணியால துடைக்கணும்.

2. சேனல்ல வேஸ்ட் ஆயில் ஊத்தாதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இது. முதல் வாரம் வழவழன்னு போகும். அப்புறம் கடல் மணலும் கன்டெய்னர் லாரி கிளப்பற புழுதியும் அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகி தகட்டைத் தேய்க்கும். சேனலைச் சுத்தமா துடைச்சுட்டு சிலிக்கான் ஸ்பிரே லேசா அடிங்க. மேல ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போடறதை மெக்கானிக்கைக் கூப்பிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணிக்குங்க.

3. துரு தெரிஞ்சா சுரண்டிட்டு ரெட் ஆக்சைடு அடிச்சு அப்புறம் பெயின்ட். ஆனா ஜி.ஐ. தகடுன்னா ஜாக்கிரதை. துத்தநாகம் பூசின தகட்டுல சாதாரண எனாமலை நேரா அடிச்சா கொஞ்ச நாள்ல தோல் உரியற மாதிரி உரிஞ்சுடும். ஜி.ஐ.க்குன்னு இருக்கற பிரைமரைக் கேட்டு வாங்குங்க.

4. தூக்கும்போது வழக்கத்தைவிட கனமா இருக்கா, ஒரு பக்கம் முன்னாடி போகுதா, புதுசா சத்தம் வருதா? ஸ்பிரிங் லீவு லெட்டர் எழுதுதுன்னு அர்த்தம். உடையறவரைக்கும் காத்திருக்காதீங்க.

5. புதுசு வாங்கினா ஏமாறாதீங்க. கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெல்லிசு. 22-ஐவிட 18 தடி. துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு கேளுங்க. 120-ம் உண்டு, 275-ம் உண்டு. கடலோரத்துக்கு அதிகமாத்தான் வேணும். உருட்டு ஷட்டருக்கு ஐ.எஸ். 6248-னு ஒரு இந்தியத் தரம் இருக்கு. அந்த நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, கடைக்காரர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். :-)

மோட்டார் ஷட்டர் போட ஆசைப்படறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மிக்ஜாம் சமயத்துல கரன்ட் இல்லாம எத்தனை நாள் இருந்தோம்னு ஞாபகம் இருக்கு இல்லையா? கையால சுத்தற வசதி இல்லாம மோட்டார் போடாதீங்க. இருந்தாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அதைச் சுத்திப் பாருங்க, இல்லேன்னா அதுவும் துருப்பிடிச்சு இறுகிடும். அமெரிக்காவுல கராஜ் கதவுல குழந்தைங்க மாட்டிக்கிட்டு இறந்ததால, எதையாவது தொட்டா கதவு தானா திரும்பி மேல போகணும்னு 1990-ல சட்டம் போட்டு, 1993-லேர்ந்து தயாராகற வீட்டு மோட்டார்களுக்குக் கட்டாயமாக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் வாங்கும்போது அந்த வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க. தெருவுல விளையாடறது நம்ம வீட்டுப் பசங்கதான்.

கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கறவங்க, வாடகைக்கு இருக்கறவங்க ரெண்டு பேரும் ஒண்ணைச் செஞ்சுடுங்க. ஷட்டர் பராமரிப்பு யார் செலவுன்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி எழுதிக்குங்க. எழுதாத வீடுகள்ல "நீ பார்த்துக்கோ, நான் பார்த்துக்க மாட்டேன்"னு ரெண்டு பேரும் இருக்க, நடுவுல துரு நல்லா பார்த்துக்குது. ஷட்டரை விட்டா வேற வழியே இல்லாத இடத்துல யாராவது ராத்திரி படுக்கறாங்கன்னா, தயவுசெஞ்சு ஒரு சின்னக் கதவு வைங்க. நாங்க வெளியே மாட்டினோம், ஆட்டோ மட்டும்தான் உள்ளே. உள்ளே ஆள் இருந்து, நெருப்பும் இருந்திருந்தா?

"சரிப்பா, வருஷம் 300 ரூபாய் செலவு பண்ணி என்ன லாபம்?"னு கேட்டா, கணக்கு இதோ. கவனிக்காம விட்டு 12 வருஷத்துல புதுசு போட்டா வருஷத்துக்கு 1,702 ரூபாய். கவனிச்சு 20 வருஷம் வந்துச்சுன்னு வெச்சுக்கிட்டா 1,021-ம் அந்த 300-ம் சேர்த்து 1,321. மிச்சம் 381 ரூபாய்தான். "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"ன்னு சிரிக்காதீங்க. லாபம் அந்த 381-ல இல்லை. ஷட்டர் எப்ப நிக்கணும்னு அது முடிவு பண்ணாம, எப்ப மாத்தணும்னு நாம முடிவு பண்றோம் பாருங்க, அதுலதான் இருக்கு. அவசரத்துல செய்யும்போதுதான் தண்டல் எடுக்கறோம், பேரம் பேசறோம், ஹெல்பர் வேணாம்ங்கறோம்.

அந்த மெக்கானிக் அண்ணாவுக்குக் கை சரியாயிடுச்சு. ஆனா முன்ன மாதிரி ரெஞ்சை அழுத்த முடியலையாம். இப்ப ஹெல்பர் இல்லாம வேலைக்கு வர்றதில்லை. எங்க வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றார், ரெண்டு பேராத்தான். கூலி அவர் சொல்றதுதான். அப்பா இதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை.

இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க வீட்டு ஷட்டரை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்க. ரெண்டு பேராக் கூப்பிடுங்க.